வாய்விட்டுக் கூப்பிட்டேன்

எண்பத்து நான்காம் வருஷம், திருவனந்தபுரத்தில் ஆடி மாசத்துக் கர்க்கடக மழை. என் அகத்துக்காரரைக் கீழே போட்டுவிட்டேன். பக்கவாதத்தில் வலது பக்கமும் பேச்சும் போனவர். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கும்போது கை நழுவிவிட்டது. தரையில் கிடந்தபடி என்னையே பார்த்தார். திட்டக்கூட வாயில்லை அவருக்கு.

"உன்னால முடியாதும்மா, ஏதாவது ஹோம்ல சேர்த்துடலாம்" என்றான் பம்பாயில் இருக்கும் என் பிள்ளை, போனில். ஸ்ரீவராகம் தெருவில் இருக்கும் எங்கள் அகத்திலிருந்து நனைந்துகொண்டே, பத்மநாபசுவாமி பாம்பணையில் படுத்திருக்கும் கோவிலுக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

"நீ படுத்துண்டா மூணு வாசல்ல நின்னு சேவிக்கறா. இவர் படுத்துண்டா ஹோமா? எனக்குப் பலம் குடு, பத்மநாபா!"

பலம் வரவில்லை. எதிர்வீட்டு மாட்டுப்பெண்தான் வந்தாள், லைலா டீச்சர் என்று ஒருத்தர் பக்கத்து ஜிம்மில் காலையில் பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறார் என்று சொல்லிக்கொண்டு. ஐம்பத்திரண்டு வயதில், மடிசாரோடு போய் நின்றேன். பெண்கள் சிரித்தார்கள். மானம் போயிற்று.

டீச்சர் முதலில் எடை மாட்டாத வெறும் கம்பியைத்தான் தூக்கத் தந்தார். முதுகை வளைக்கக் கூடாது, பாரத்தை உடம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், காலை ஊன்றி எழ வேண்டும். மடிசாரில் கச்சம் கட்டியிருந்ததால் உட்கார்ந்து எழுவது எனக்குச் சுலபம். ஆனால் எடை கொஞ்சம் கூடியதுமே கண் இருட்டியது. தினமும் இதே கதி. இவரை எப்படித் தூக்கப் போகிறேன் என்று அங்கேயே அழுதுவிட்டேன்.

"மாமி, தூக்கும்போ என்னா செய்யறீங்க?"

"ஜபம் பண்றேன். பிராணாயாமம் மாதிரி மூச்சை அடக்கிண்டு, மனசுக்குள்ளே."

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ! ஸ்வாசம் பிடிச்சா தல சுத்தும். தூக்கும்போ ஸ்வாசம் விடணும். பகவானை உறக்கெ விளிங்கோ, சத்தமா, கேட்டோ?"

"பத்மநாபா!" என்று கத்தினேன். மூச்சு வெளியே போனது, கம்பி மேலே வந்தது.

மார்கழியில் ஒரு காலை, எங்கள் அகத்தில் டீச்சர் பக்கத்தில் நிற்க, கட்டிலில் இருந்த இவரைக் கட்டிப் பிடித்தேன். "பத்ம..." என்று எழுந்தேன்.

"...நாபா" என்றது என் தோளில் சாய்ந்திருந்த வாய்.

அவர் இன்றும் நடக்கவில்லை. வேறு பேச்சும் வரவில்லை. சில நாள் அழுவார், நானும் அழுவேன். ஆனால் அப்புறம் ஒருநாளும் அவரைக் கீழே போட்டதில்லை.

பஜனைக்கு வந்திருக்கும் மாமிகளே, பலம் கேட்டால் பத்மநாபன் கம்பியைக் காட்டுவான். வெட்கப்படாமல் பிடியுங்கள். மனசுக்குள்ளேயே முணுமுணுக்காமல் வாய்விட்டுக் கூப்பிடுங்கள். எங்கள் அகத்தில் இப்போது இரண்டு பேர் கூப்பிடுகிறோம்.