ஆடிக் காற்றில் காயவைத்த புல்தூள்

வீடு விற்கிறவர்கள் மேஜைமேல் வைத்துக் காட்டுவார்களே, குட்டி வீடும் குட்டித் தோப்புமாய் ஒரு மாடல், அதில் புல்லாகத் தெரிவது வெறும் மரத்தூள்தான். சலித்து, பச்சைச் சாயத்தில் ஊறவைத்து, பிழிந்து காயவைக்க வேண்டும். கோயமுத்தூரின் ஆடிக் காற்றில் அது லேசான காரியமா? மொட்டை மாடியில் பரப்பி, மேலே பழைய சேலையை விரித்து, சுற்றிலும் செங்கல் வைத்திருந்தேன்.

அப்படியொரு மாடல்தான் எனக்கு வந்த முதல் ஆர்டர். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் கட்டப்போகிற வீடுகள். மறுநாள் காலை கொண்டுபோய்க் கொடுத்து, பிடித்துவிட்டால் மாடல் பட்டறையில் நிரந்தர வேலை. என் வீட்டுக்காரருக்கு அதுதான் வயிற்றெரிச்சல். கை நீட்டுகிற மனுஷன். நான் வேலைக்குப் போய்விட்டால் பகலெல்லாம் அடிக்க ஆள் வேண்டாமா?

மத்தியானம் மாடிக்கு வந்தார்.

"ஏனுங்க, அதத் தொடாதீங்க, இன்னும் காயலீங்க" என்றேன். அடிக்கிற புருஷனுக்கும் 'ங்க' போடுகிற பாழாய்ப்போன வாய்!

"பொம்பளைக்கு இப்பப் பொம்மை வெளையாட்டுக் கேக்குதா?" என்று செங்கலை எட்டி உதைத்துச் சேலையை உருவினார். மேலாகக் காய்ந்திருந்த பச்சையெல்லாம் எழும்பிப் பக்கத்து வீட்டுத் தகரக் கூரையைத் தாண்டிப் போனது. அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கையில் மரச்சட்டம் போட்ட சல்லடை இருந்தது. மூஞ்சியைப் பார்த்து வீசினேன். என் கொண்டையைப் பிடித்து இழுத்தார். மூக்கிலேயே மறுபடியும் போட்டேன்.

"ஐயோ, கொன்னுபோட்டாளே!" என்று ஈரத்தூள்மேல் குப்புற விழுந்தார். கொல்லத்தான் நினைத்தேன், பொய் சொல்வானேன்.

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கீழே போன பிறகு பார்த்தேன். கைப்பிடிச் சுவரோரம் ஒதுங்கிய கொஞ்சம் பச்சையும், ரத்தத்தில் ஊறிய ஒரு திட்டும் மட்டும் மிச்சம். இரண்டையும் அதே சேலைக்கடியில் காயவைத்தேன். சாயங்காலத்துக்குள் ரத்தத்தூள் செம்பழுப்பாகிவிட்டது. பச்சையை மாடல் வீட்டு முன்னால் ஒட்டினேன். பழுப்பைத் தென்னை மரத்தடியில் தூவினேன்.

மறுநாள் பட்டறை முதலாளி குனிந்து குனிந்து பார்த்தார்.

"புல்லு எல்லாரும் போடறதுதானுங்க அம்மணி. இந்தச் செம்மண்ணுதான் அசலாட்டவே இருக்குது. திங்கக்கெழமை வேலைக்கு வந்துருங்க. இதே மண்ணு இன்னும் நெறைய வேணுமுங்களே, செய்ய முடியுங்களா?"

"செஞ்சுபோடலாமுங்க" என்றேன். "அதுக்கு வேணுங்கறது ஊட்டுலயே இருக்குதுங்க."