படத்துக்குள் வந்த மான்

படங்களைப் பற்றி எப்போதாவது பத்திரிகைக்கு எழுதுவேன். அந்தக் குற்றத்துக்காக எங்கள் ஊரான திருகோணமலையில் நடந்த குறும்படப் போட்டிக்கு என்னை நடுவராக்கிவிட்டார்கள். மற்ற நடுவர் கொழும்பில் இருந்தார். நான் குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் மடிக்கணினியை வைத்துப் பார்த்துப் பார்த்துப் புள்ளி போட்டேன்.

கடைசிப் படம் பதினாறு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியைப் பற்றியது. சோகமென்றால் அப்படியொரு சோகம். பள்ளிக்கூடம் போகமாட்டாள், தாயோடு கதைக்கமாட்டாள், அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். அந்த வீட்டில் ஒரு மின்குமிழுக்குக்கூட ஒழுங்காக எரிய மனமில்லை. கடைசியில் கடற்கரையில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தோள் குலுங்கக் குலுங்க அழுகிறாள். அவ்வளவுதான் படம்.

எனக்கு எரிச்சலாக வந்தது. உண்மையைச் சொன்னால் அது எரிச்சல் இல்லை, பயம். என் மகளுக்கும் பதினாறு வயது. அவளும் கொஞ்சக் காலமாகக் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் "ஓம்" என்பாள், அதற்கு மேல் ஒரு சொல் வராது. கதவில் காதை வைத்துக் கேட்கும் நிலைக்கு நான் வந்திருந்தேன். ஒருநாள் உள்ளே விம்மல்போல ஒன்று கேட்டது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பயத்தையெல்லாம் சேர்த்து, "ஒரு சிரிப்புக்கூட இல்லாத இருட்டு" என்று எழுதிப் படத்துக்குக் குறைந்த புள்ளி போட்டேன்.

மற்ற நடுவர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்.

"கடைசிக் காட்சியில வாற மானைக் கவனிச்சீங்களோ? என்ன அருமையான குறியீடு! தொலைஞ்சுபோன குழந்தைப் பருவம்!"

"மானோ? எந்த மான்?"

எங்கள் ஊர் மான்கள் பஸ் நிலையத்திலும் கடற்கரையிலும் மாடுகளைப் போலத் திரியும், சாப்பாட்டுப் பார்சலைப் பிய்த்துத் தின்னும். ஊர்க்காரர் கண்ணுக்கு அவை படுவதேயில்லை. திரும்பப் போட்டுப் பார்த்தேன். திரையின் ஓரத்தில் ஒரு மான் நிற்கத்தான் செய்தது. அதையே சாட்டாக வைத்து மகளின் கதவைத் தட்டினேன்.

"பிள்ளை, ஒருக்கா வந்து இந்த மானைப் பாரன்."

மான் என்றதும் கதவு திறந்தது. வந்து நின்றபடியே பார்த்தவள், விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, அது அவளின்ர பைக்குள்ள தலையை விட்டுக் கொப்பித் தாளைத் தின்னுது! அவளுக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் கிடக்கு. அதுதான் மற்றப் பக்கம் திரும்பியிருக்கிறாள்."

"அழுகிறாள் எண்டெல்லோ நான் நினைச்சனான்."

"நீங்கள் அப்பிடித்தான் நினைப்பீங்கள். என்ர கதவில காதை வைச்சுக்கொண்டு நிக்கேக்க, உங்கட காலின்ர நிழல் கதவுக்குக் கீழால தெரியிறது. நான் தலையணைக்குள்ள முகத்தை வைச்சுச் சிரிக்கிறனான்."

என்னைச் சாப்பிடவிடாத அந்த விம்மல் சிரிப்பாம்! எனக்கு வெட்கமாகவும் இருந்தது, எழும்பி ஆட வேண்டும் போலவும் இருந்தது. எழுதிவைத்திருந்த வரியை அழித்தேன்.

"அப்ப எவ்வளவு புள்ளி போடட்டும்?" என்று கேட்டேன்.

"முழுக்கப் பார்க்காமல் எப்பிடிச் சொல்லுறது?" என்று சொல்லிக் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டாள். "முதலில இருந்து போடுங்கோ."