ஆரோக்கியம்மாள் சொல்லாத சொல்

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்து ஊர்க் கோயிலில், சாயங்கால ஜெபமாலையை முன்னின்று சொல்கிறவர் ஆரோக்கியம்மாள். பகலெல்லாம் கடலைக்காட்டில் களை வெட்டினாலும், மணி அடித்ததும் கைகால் கழுவி, முக்காடு போட்டு, முன்வரிசையில் முழங்காலிட்டுவிடுவார். கணீரென்ற குரல். ஊரில் அவருக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான்.

அவர் புருஷன் பெயர் அருள்சாமி. கட்டினவர் பெயரை வாயால் சொல்வது மரியாதைக் குறைவு என்பதில் ஆரோக்கியம்மாள் கெட்டி. பெயரின் பின்பாதிக்குப் பயந்தே பங்குச் சாமியாரை ‘ஃபாதர்’ என்று கூப்பிட்டார். விஷயம் தெரியாதவர்கள், அம்மாளுக்கு டவுன் நாகரிகம் வந்துவிட்டது என்றார்கள்.

எழுபதாம் வருஷம் புது ஜெபப் புத்தகம் வந்தது. ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே’ என்றிருந்த ஜெபம், எல்லோருக்கும் புரியட்டும் என்று ‘அருள் நிறைந்த மரியே’ என மாறியிருந்தது. ஒரு ஜெபமாலைக்கு ஐம்பத்து மூன்று தடவை.

முதல் நாள், புருஷன் பெயரின் முன்பாதியான அந்தச் சொல் வந்தபோதெல்லாம் ஆரோக்கியம்மாள் இருமினார். மறுநாள் நேரே ‘நிறைந்த மரியே’ என்று தொடங்கினார். முன்வரிசைமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த ரோசம்மாள் விடவில்லை.

“எதால நிறைஞ்சாங்கன்னு சொல்லாம, மாதாவை வெறுங்கொடமாட்டம் நிக்க வெக்கறீங்களேக்கா.”

பெண்கள் சிரித்தார்கள். சாமியார் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் முழுசாகச் சொல்லப் பழகாவிட்டால் ரோசம்மாள் சொல்லட்டும் என்றுவிட்டார்.

விஷயத்தைக் கேட்ட அருள்சாமிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. தானே உத்தரவு தருவதாகவும், தாராளமாகச் சொல்லும்படியும் சொன்னார். ஆரோக்கியம்மாள் கொல்லையில் மாட்டுக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். ‘அ’ வந்தது, அதற்குமேல் நாக்கு எழவில்லை.

“மாட்டை அதட்டறாப்பல உங்களைக் கூப்புடறதா? என்னால ஆவாதுங்க” என்று திரும்பி வந்துவிட்டார்.

ஞாயிறு சாயங்காலம் முழங்காலிட்டவர், தொடங்காமல் ஜெபமாலை மணியை உருட்டிக்கொண்டே இருந்தார். ரோசம்மாள் செருமிக்கொண்டார். அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து கட்டைக் குரலில் ஒரு சொல் வந்தது.

“அருள்.”

ஜெபமாலைக்கு ஒருநாளும் வராத மனிதர், சட்டைப் பித்தானெல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சொல் ஆறுவதற்குள் ஆரோக்கியம்மாள் ‘நிறைந்த மரியே வாழ்க’ என்று பிடித்துக்கொண்டார். ஐம்பத்து மூன்று தடவையும் அப்படியே. ஒரு சொல்லும் விடுபடவில்லை என்று சாமியாரும் ஒப்புக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அருள்சாமி, தன் பெயரைத் தானே ஏலம் போட்ட மாதிரி இருந்தது என்று சலித்துக்கொண்டார். ஆரோக்கியம்மாள் நான்கடி பின்னால் நடந்து வந்தார்.

“நாளைக்குக் கொஞ்சம் சுருக்கா சொல்லுங்க. ரொம்ப இழுக்கறீங்க” என்றார்.