செல் இல்லாத இடத்தில் ஓர் ஒளி

தலைப்பிரசவத்துக்காக விருத்தாசலம் வந்தபோது என் பெட்டியில் புடவைகளைவிட சி.டி.க்கள்தான் அதிகம். அப்போது நான் சென்னையில் ஆராய்ச்சி மாணவி. மூளையில் நரம்புகளுக்குத் துணையாக இருக்கும் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, கால்சியம் கூடினால் பிரகாசமாகும் சாயத்தை ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் தொடர்படங்களாக எடுத்திருந்தேன். அவற்றை அலசும் வேலையை அம்மா வீட்டிலிருந்தே செய்யலாம் என்று என் வழிகாட்டியான மேடம் சொல்லியிருந்தார்.

அப்பாவுக்குச் செராமிக் கம்பெனியில் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்து, கம்ப்யூட்டர் முன்னால் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்வார்.

"என்னாம்மா இது, மீன் முட்டையாட்டம் இருக்குது?"

"செல்லுப்பா. மினுக்குது பாருங்க, அப்ப உள்ள கால்சியம் ஏறுதுன்னு அர்த்தம்."

"எல்லாம் ஒண்ணா மினுக்குதே!"

"அதான்பா விசேஷமே."

மேடத்துக்கும் அதுதான் சந்தோஷம். ஒரு கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம்கூட அனுப்பிவிட்டோம்.

ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் மவுஸால் வட்டம் போட வேண்டும். முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை வட்டத்துக்குள் ஒளி எப்படி ஏறி இறங்கியது என்று மென்பொருள் ஒரு கோடாக வரைந்து காட்டும். வயிறு மேஜையில் இடித்ததால் கீபோர்டை ஸ்டூலில் வைத்துக்கொண்டேன்.

ஒரு மதியம், போன கரண்ட் வந்த பிறகு மறுபடி உட்கார்ந்தேன். மவுஸ் வழுக்கி, வட்டம் இரண்டு செல்களுக்கு நடுவே இருந்த கருப்பில் விழுந்துவிட்டது. அழிப்பதற்குள் கோடு வந்தது. அதே மேடு, அதே பள்ளம். செல்லே இல்லாத இடத்தில்! ஓரங்களிலும் மூலைகளிலும் வட்டம் போட்டுப் பார்த்தேன். எல்லாமே அப்படித்தான். மினுக்கியது செல்கள் அல்ல, மைக்ரோஸ்கோப்பின் விளக்கு.

முகத்தைப் பார்த்ததுமே அம்மா புரிந்துகொண்டாள். விஷயத்தைச் சொன்னேன்.

"புள்ள பொறக்கட்டும், அப்பறமா உங்க மேடத்துகிட்ட சொல்லிக்கலாம். இப்ப எதுக்கு மனசப் போட்டு ஒழப்பிக்கிற?"

எனக்கு அவ்வளவு நாள் பொறுக்க முடியாது. உடனே போன் செய்தேன். மேடம் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "சுருக்கத்தைத் திரும்ப வாங்கிடலாம். எல்லாப் படத்தையும் திருத்திப் பாரு. ஏதாவது மிஞ்சினா சொல்லு" என்றார். குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் போனை வைத்ததும் அழுகை வந்தது.

மறுநாள் முதல் வேலையைப் புதிதாகத் தொடங்கினேன். கருப்பு இடத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு விளக்கின் ஆட்டத்தைக் கணக்கிட்டு நீக்கினேன். பெரும்பாலான கோடுகள் தட்டையாகப் படுத்துவிட்டன. ஒரு தொடர்படத்தில் மட்டும் ஒரு செல் மெல்ல வெளிச்சமாகி அடங்கியது. அது அடங்கும்போது பக்கத்துச் செல் எழுந்தது. பிறகு அதற்கடுத்தது.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"முன்ன மாதிரி ஒண்ணா மினுக்கலயே."

"இல்லப்பா. ஒண்ணு அடுத்ததுக்குச் சொல்லுது."

"இது மெய்யாவே நடக்குதா?"

"நடக்குதுப்பா. சுத்தியும் வட்டம் போட்டுப் பாத்துட்டேன். கருப்பு கம்முனு இருக்குது."

அப்பா அந்தப் படத்தை இன்னொரு முறை ஓட்டச் சொன்னார்.

மீதி சி.டி.க்களைப் பார்ப்பதற்குள் வலி எடுத்துவிட்டது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்த மேடம், குழந்தை எப்படி இருக்கிறாள், பால் குடிக்கிறாளா என்றெல்லாம் விசாரித்தார். அந்த ஒரு படம் மிஞ்சியதைச் சொன்னேன். போனை வைக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"லேப்ல புது விளக்கு மாட்டியாச்சு," என்றார். "நீ அவசரப்படாம வா."