குழாயடியில் அண்ணி

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பின்வாசலில் அண்ணி புடவை தொப்பலாக நனைய உட்கார்ந்திருந்தார். நெற்றியில் மட்டும் வியர்வை. தோளைத் தொட்டேன். என் கையைத் தட்டிவிட்டு, "யாரு நீ?" என்றார். நான் அவருடைய கணவரின் தங்கை. அவர் மணமாகி வந்த நாளிலிருந்து ஒரே வீட்டில் இருப்பவள்.

நாட்டுக்கு விடுதலை வந்து, மெர்டேக்கா கொடியேறிச் சில மாதங்களே ஆகியிருந்தன. காஜா பேராங் பகுதியில் எங்கள் தெருவே குதூகலத்தில் இருந்தபோது, எங்கள் வீடு விடியலுக்குப் பயந்து கிடந்தது. பல நாள் காலையில் அண்ணி இப்படித்தான் ஆளை மறந்துபோவார். கோப்பியும் ரொட்டியும் உள்ளே போனால் அண்ணி தெளிந்துவிடுவார். நடந்தது எதுவும் நினைவில் இருக்காது. காத்துக் கருப்பு என்று சொல்லி அம்மா அவரை விரதம் இருக்க வைத்தார். விரத நாளில் இன்னும் மோசமானது. மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அண்ணன் சம்மதித்துவிட்டார். "என் பிள்ளைய அடுப்புல தள்ளிட்டா என்னா பண்றது?" என்று என்னிடம் கேட்டார். அவர் கொடியவர் அல்லர், பயந்து போயிருந்தார்.

ஒரே ஒரு முறை லேடி டாக்டரிடம் காட்டலாம் என்று மன்றாடி அழைத்துப் போனேன். டாக்டர் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார். சீனி மிகவும் குறைவாக இருந்தது. ஆனாலும் அவர் முடிவு சொல்லத் தயங்கினார்.

"புஸ்தகத்துல இருக்கிறது வெளிநாட்டு ஆம்பளைங்க கணக்கும்மா. நம்ம பொம்பளைங்களுக்கு, இந்த வயசுல, சாப்பிடாம இருந்தா எவ்வளவு இருக்கும்? அது தெரியாம எப்படி நோய்னு சொல்றது? நல்லா இருக்கிறவங்க ரத்தம் வேணும்."

வீடு வீடாகப் போனேன். பேய் பிடித்த வீட்டுக்கு ரத்தம் கொடுப்பதா என்று கதவைச் சாத்தினார்கள். முதலில் நானே ரத்தம் கொடுக்கக் கை நீட்டினேன். மறுநாள் காலை, பக்கத்து வீட்டில் இருந்த, தலைமுறைகளாக மலாய் பேசும் செட்டிக் குலத்துப் பெண்மணி தன் தாயையும் மகளையும் கூட்டிக்கொண்டு கிளினிக் வாசலில் நின்றார். தமிழ் தெரியாத அந்த மூவரும் வரிசையில் உட்கார்ந்து கையை நீட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் மற்றப் பெண்கள் வந்தார்கள். அண்ணன் தன்னோடு வேலை செய்த ஆண்களை அழைத்து வந்தார். இளையவர், முதியவர், ஆண், பெண் யாருக்கும் அண்ணி அளவுக்கு இறங்கவில்லை.

பிறகு, சாப்பிடாவிட்டால் சீனி எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க, ஆஸ்பத்திரியில் வைத்து அண்ணியைப் பட்டினி போட்டார்கள். மதியத்துக்குள் கை நடுங்கியது, பேச்சு குழறியது, கண் செருகியது. "மருந்தக் குடுங்க டாக்டர், செத்துடுவா" என்று அண்ணன் பாய்ந்தார்.

"ரத்தம் எடுத்ததும் குடுக்கிறேன். தள்ளி நில்லுங்க."

டாக்டரின் குரல் உறுதியாக இருந்தது, கழுத்தோரம் வியர்த்திருந்தது. ரத்தம் எடுத்த கையோடு குளுகோஸை நரம்பில் ஏற்றினார். ஊசி முழுதும் இறங்குவதற்குள் அண்ணி கண் திறந்தார். "ஏன் எல்லாரும் அழுவுறீங்க?" என்றார்.

கணையத்தில் ஒரு கட்டி அளவுமீறி இன்சுலினைச் சுரக்கிறது என்பது டாக்டரின் கணிப்பு. இன்று என் ரத்தச் சோதனைத் தாளில் இன்சுலின் அளவு எவ்வளவு, எவ்வளவு இருக்க வேண்டும் என்று அச்சடித்துத் தந்துவிடுகிறார்கள். அன்று எங்கள் ஊரில் இன்சுலினை அளக்க வழியில்லை. சீனியை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். அந்த ஊகத்தை நம்பிச் சிங்கப்பூரில் அண்ணியின் வயிற்றைக் கிழித்தார்கள். பட்டாணி அளவில் ஒரு கட்டி கிடைத்தது.

உடம்பு தேறியதும் அண்ணி தானாகவே ஒரு வெள்ளிக்கிழமை விரதம் இருந்தார். அம்மா வேண்டாம் என்று கெஞ்சினார். அண்ணன் வேலைக்குப் போகாமல், தானும் சாப்பிடாமல், அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது சாயும்போது பொறுக்கமாட்டாமல் கேட்டார்:

"என் பேரு என்னா, சொல்லு."

கணவன் பெயரை மனைவி சொல்லாத காலம் அது. அண்ணி எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு, தெளிவாக, அண்ணனின் முழுப் பெயரையும் சொன்னார்.