தளபதிக்குப் பயம் வந்த வாரம்

போன வாரம் கொல்லிமலையில் இருந்தேன். அங்கே வளப்பூர் நாடு என்ற ஊர்ப்பகுதியில் மிளகு பயிரிடும் என் தோழி அமுதா, மொபைல் ஆப் ஒன்றில் மாயாஜாலத் தொடர்கதை எழுதுகிறார். பறக்கும் பாம்புகள், பேசும் பாறைகள், பயமே அறியாத பெண் தளபதி பொற்கொடி... எல்லாம் உண்டு. வாசகர்கள்தான் வாராவாரம் குறைகிறார்கள். 'தளபதி கல்லு மாதிரி இருக்காங்க' என்று ஒருவர் கமெண்ட் வேறு.

“இந்த அத்தியாயமும் எடுபடலைன்னா கதையை நிறுத்திர்றேனுங்கண்ணா” என்றார் அமுதா.

அவர் கணவர் செல்வம், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பலாப்பழத்தை அரிந்துகொண்டே ஆரம்பித்தார்.

“ஏம்புள்ள, உன் கதையில படையே மலையேறுதே, சோறு யாரு ஆக்குறது?”

“போன மூணு அத்தியாயமும் இவரு சொன்னதுதானுங்கண்ணா. அரிசி மூட்டை, கழுதை, கால் கொப்புளத்துக்கு மருந்து... படிச்சவங்க பாதிப் பேரு மூட்டையோட மூட்டையா எறங்கிப் போயிட்டாங்க!”

நான் சிரித்தேன். செல்வம் சிரிக்கவில்லை.

“சோறு இருக்கட்டுமுங்க. சண்டைக்குக் கெளம்புறப்ப உங்களுக்குப் பயமா இருந்துச்சா?” என்று அவரிடம் கேட்டார் அமுதா.

“எனக்கா? பயமா?” கத்தி பழத்திலேயே நின்றது. “ஷூ லேஸைக் கட்டுவேன். அவுத்துட்டு மறுக்கா கட்டுவேன். மத்தவங்க மொதல்ல எந்திரிக்கட்டும்னு குனிஞ்சே இருப்பேன்.”

“யாரும் கண்டுபிடிக்கலையா?” என்றேன் நான்.

“எப்படிக் கண்டுபிடிப்பாங்க? எல்லாருந்தான குனிஞ்சிருந்தாங்க!”

அமுதா கையில் ஒட்டிய பலாப்பாலை எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு போனை எடுத்தார். மாலைக்குள் அத்தியாயம் வெளியானது. பாம்புகள் வானத்தை மறைக்கின்றன. பொற்கொடி குனிந்து செருப்பு வாரைக் கட்டுகிறாள். அவிழ்க்கிறாள். மறுபடி கட்டுகிறாள். பின்னால் மொத்தப் படையும் குனிந்திருக்கிறது. பிறகு, அவள்தான் முதலில் எழுகிறாள்.

மூன்று அத்தியாயம் கழுதை சுமந்தும் வராத உயிர், ஒரு செருப்பு வாரில் வந்துவிட்டது! போர்க்களத்தை எவ்வளவு துல்லியமாக வரைந்தால் என்ன... அதில் நிற்பவருக்குப் பயம் வர வேண்டாமா?

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நின்றோம். டீக்கடை அக்கா கிளாஸைக்கூட வைக்காமல் ஓடி வந்தார். “ஏனுங்க அமுதா, அந்தப் பொற்கொடிப் புள்ள பொழைச்சுக்குமுங்களா? ராத்திரியெல்லாம் அதே நெனப்பு!”

போனில் கமெண்ட்கள் குவிந்திருந்தன. “நிறுத்தலைங்கண்ணா!” என்றார் அமுதா. முகமெல்லாம் சிரிப்பு.

செல்வம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு வாசகி கேட்டிருந்தார்: 'தளபதிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?'

“ஆயிருச்சுன்னு போடு புள்ள. புருசன் நல்ல மனுசன்னும் போடு.”

கதையில் யதார்த்தம் வேண்டும் என்பதில் மனிதர் இன்னமும் உறுதியாகத்தான் இருக்கிறார்.