பிக்கப்புக்குப் போட்ட மாட்டுவண்டி டயர்

நகரியில் தாட்சாயணியை முகம் பார்த்து அறியாதவர்கள் சிலர் இருந்திருக்கலாம். குரல் எல்லாருக்கும் தெரியும். பஸ் நிற்கிற இடத்தில் லோடு ஏற்றும்போது ஒரு துணி மூட்டையைப் பற்றி அவள் சொல்கிற அபிப்பிராயம் இரண்டு தெரு தள்ளித் தறி ஓட்டுகிறவன் காதில் விழும். அந்த ஊரில் சொந்தமாக மோட்டார் வைத்திருந்த ஒரே பெண்பிள்ளை அவள். அதை அவளும் மறக்கவில்லை, மற்றவர்களையும் மறக்க விடவில்லை.

வண்டி அவள் புருஷன் வாங்கியது. யுத்தம் முடிந்து பட்டாளத்து வண்டிகளை ஏலம் விட்டபோது எடுத்த பழைய பிக்கப். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் மேல்மூடி இல்லாத பெரிய பெட்டி. லாரிக்குத் தம்பி என்று சொல்லலாம், அவ்வளவு கனம். அந்த மனுஷன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு வண்டியை என்ன செய்வது என்ற பேச்சு கருமாதி அன்றைக்கே வந்துவிட்டது.

பேச்சை எடுத்தவன் கொழுந்தன் கோவர்த்தனன். பக்கத்து வீட்டிலேயே தறி போட்டு நடத்தினான். வாய் அதிர்ந்து பேசாதவன், கெட்ட எண்ணம் இல்லாதவன். “வண்டிய வித்துடலாம் அண்ணி. நீ எங்கவூட்லயே துன்னுக்கினு இரு. ஒனக்குன்னு தனியா இன்னாத்துக்கு ஒரு சோத்து ஒல?” என்றான்.

நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் தாட்சாயணி பாலசமுத்திரத்தில் பிறந்த வீட்டில் தன் அத்தையைப் பார்த்து வளர்ந்தவள். தாலியறுத்துத் தம்பி வீட்டுக்கு வந்த அத்தை, எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் மிஞ்சியதைத் தின்று காலம் தள்ளினாள். இன்று என்ன குழம்பு என்று கேட்கும் பாத்தியதைகூட அவளுக்கு இல்லை. தாட்சாயணி உலகத்தில் பயந்தது அந்த ஒரு அடுப்படிக்குத்தான்.

அதனால் பந்து ஜனம் அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னாள்: “வண்டிய நான் நடத்தறேன். என் தப்பால ஒரு லோடு கெட்டுதுன்னா, சாவிய உங்கையில குடுத்துட்டு உன் பொண்டாட்டி வடிச்ச சோத்த வந்து துன்றேன். அதுவரிக்கும் என் ஒல தனி.”

யாரும் அவளை இப்படிச் சத்தியம் பண்ணச் சொல்லவில்லை. வாய் கொடுத்து மாட்டிக்கொள்வது அவளுக்குப் பிறவி குணம். ஆனால் சொன்ன சொல்லை நடத்திக் காட்டவும் செய்தாள். ஆறு வருஷம் அவள் வீட்டுக் கூரைமேல் தனிப்புகை எழும்பியது.

வண்டியை ஓட்டியது எத்திராஜ். புருஷன் காலத்திலிருந்தே இருந்த டிரைவர். முப்பது வயசு, இரண்டு பெண் குழந்தைகள், அதிகம் பேசமாட்டான். அவள் ஒன்று சொன்னால் “சரிம்மா” என்பான். பிடிக்காத விஷயமாக இருந்தால் கொஞ்சம் தாமதித்து “சரிம்மா” என்பான். இந்தத் தாமதத்தின் அர்த்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தும் சட்டை செய்யமாட்டாள்.

டயர்கள் தேய்ந்து உள்நூல் தெரிய ஆரம்பித்தன. அந்தப் பழைய வண்டியின் பெரிய சக்கரத்துக்கு மோட்டார் டயர் கிடைப்பது லேசில்லை. திருப்பதிக் கடையில் சொல்லி வைத்துவிட்டு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பாலசமுத்திரத்தில் அவள் அண்ணன் வீட்டு மாடுகள் கோமாரியில் விழுந்தன. கரும்பு ஏற்றுகிற இரண்டு டயர் வண்டிகள் கொட்டிலில் சும்மா நின்றன. நாலு டயரும் புதுசு. கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் பிக்கப்பின் சக்கரத்துக்கு அளவு கச்சிதமாக இருந்தது. பொருந்தாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

புத்தூரில் பஞ்சர் கடை வைத்திருந்த ரங்கையாவிடம் மாட்டச் சொல்லி எடுத்துப் போனார்கள். அவன் டயரைக் கையால் தொடக்கூட இல்லை. தெலுங்கும் தமிழுமாகச் சொன்னான்: “இதி எத்துல பண்டி டயரம்மா. மாட்டு வண்டிக்குப் பண்ணது. பாரம் தாங்கும், ஓட்டம் தாங்காது. வேகமா போனா சூடேறி வெடிச்சுடும். வத்தும்மா, வேணாம்.”

தாட்சாயணி சிரித்தாள். மாட்டு வண்டியைப் பற்றி அவளுக்கு ஒரு பஞ்சர் கடைக்காரன் பாடம் சொல்வதா? இந்த டயர்மேல் எவ்வளவு கரும்பு ஏறும் என்று அவள் கண்ணால் பார்த்தவள். வயல் வரப்பில், கல்லில், சேற்றில் உருளுகிற டயர். “அத்தினி பாரம் தாங்கறது, எங்க துணி மூட்டையத் தாங்காதா? நீ புதுசு விக்கணும்னு சொல்றே” என்று அவனுக்கு ஒரு குத்தலும் வைத்துவிட்டு வந்தாள். பாரம் ஒன்றுதான் ஒரு டயருக்குக் கஷ்டம் என்று நம்பினாள். அவள் வளர்ந்த வீட்டில் எல்லாரும் அப்படித்தான் நம்பியிருப்பார்கள், அங்கே எதுவும் மாட்டைவிட வேகமாகப் போனதில்லை.

கடைசியில் எத்திராஜ்தான் நகரியில் வைத்து நாலையும் மாட்டினான். சொன்னவுடன் மாட்டவில்லை. கொஞ்சம் தாமதித்து “சரிம்மா” என்றுவிட்டு மாட்டினான்.

வேடிக்கை என்னவென்றால் டயர் நன்றாகவே ஓடியது. அப்போது லோடெல்லாம் திருத்தணிக்கு. பக்கத்து ஊர், ரோடு முழுக்கப் பள்ளம். அந்த ரோட்டில் வண்டியை விரட்டினால் டயருக்கு முன்னால் டிரைவரின் பல் கழன்றுவிடும். அதனால் மாட்டைவிடக் கொஞ்சம் அதிக வேகத்தில் ஆடி அசைந்து போய் வந்தார்கள். ஒரு பஞ்சர்கூட ஆகவில்லை. தாட்சாயணிக்குத் தலைகால் புரியவில்லை. புத்தூர் பக்கம் போகிறவர்களிடமெல்லாம், வந்து பார்த்துவிட்டுப் போகும்படி ரங்கையாவுக்குச் சொல்லி அனுப்பினாள்.

அப்புறம் எல்லை பிரித்தார்கள். வருஷக் கணக்கில் கூட்டம், கோஷம், மனு என்று நடந்த தகராறு ஒரு சித்திரைக்கு முன்னால் முடிந்தது. திருத்தணி மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போனது, நகரி ஆந்திராவிலேயே நின்றது. இதற்காக அழுதவர்களும் உண்டு, பட்டாசு வெடித்தவர்களும் உண்டு. தாட்சாயணி இரண்டும் செய்யவில்லை. நேற்றுவரை போன ஊர் இன்றைக்கு வேறு ராஜ்யம், அங்கே லோடு கொண்டுபோகத் தனிப் பர்மிட் வேண்டும் என்று ஒருத்தர் வந்து சொன்னபோதுதான் அவளுக்குச் சங்கதி உறைத்தது. பர்மிட் இன்று வரும் நாளை வரும் என்று பார்த்துவிட்டுத் திருப்பதிக்கு லோடு எடுக்க ஆரம்பித்தாள். திருப்பதி ரோடு நீளம், ஆனால் தார் போட்ட நல்ல ரோடு. கோடு போட்ட பெரியவர்கள் யாரும் தாட்சாயணியின் டயரை யோசித்திருக்க வாய்ப்பில்லை.

முதலில் நாலைந்து நடை எத்திராஜ் தன் பழைய வேகத்திலேயே போனான். பிரம்மோற்சவம் வந்தது. நகரித் தறிக்காரர்கள் எல்லாருடைய வேட்டியும் துண்டும் ஒரே லோடாகச் சேர்ந்தன, அதில் பாதி கோவர்த்தனன் வீட்டுச் சரக்கு. திருப்பதிக் கடைக்காரர் உச்சிப்பொழுதுக்குள் சரக்கு வந்தாக வேண்டும் என்று சொல்லியிருந்தார். மூட்டை கட்டிக் கிளம்புவதற்கே வெயில் ஏறிவிட்டது.

“எத்திராஜி, ஆமையாட்டம் போய்க்கினு இருந்தா எப்பிடி? வெரசா போ” என்றாள் தாட்சாயணி பக்கத்தில் உட்கார்ந்து.

புத்தூரில் அவன் வண்டியை நிறுத்தினான். இறங்கிப் பின் டயரைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினான். “சூடு ஏறிக்கினு கீதும்மா. கொஞ்சம் ஆற வெச்சிப் போலாம்.”

நின்றது ரங்கையா கடைக்கு எதிரில். அவன் கையில் வேலையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், திட்டிவிட்டாவது நின்றிருப்பாள். அவன் முன்னால் டயர் ஆறுவதற்காக உட்கார்ந்திருக்க அவளுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை.

“தண்ணி ஊத்திட்டு ஏறு” என்றாள்.

எத்திராஜ் இரண்டு குடம் தண்ணீர் வாங்கி டயர்மேல் ஊற்றினான். ஆவி கிளம்பியது. ஏறி ஓட்டினான்.

வடமாலப்பேட்டை தாண்டியதும் பின்னால் ஒரு டயர் வெடித்தது. வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. எதிரே புளியமரம். எத்திராஜ் ஸ்டியரிங்கை முழுப் பலத்தோடு மறுபக்கம் ஒடித்தான். மரம் தப்பியது, வண்டி நெல் வயலில் சாய்ந்தது, மூட்டைகள் அத்தனையும் சேற்றில் விழுந்தன. ஸ்டியரிங் திருப்பி அடித்ததில் அவன் மணிக்கட்டு முறிந்தது. தாட்சாயணிக்கு ஒரு கீறல்கூட இல்லை. வெள்ளை வேட்டிகள் சேற்றுத் தண்ணீரில் ஊறுவதைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்றாள்.

செய்தி கேட்டு அடுத்த பஸ்ஸில் கோவர்த்தனன் வந்து இறங்கினான். சரக்கைப் பார்த்தான். பிறகு கிழிந்து தொங்கிய டயரைக் குனிந்து பார்த்தான். “இது மாட்டு வண்டிது இல்ல? யார் போட்டது?”

தாட்சாயணி வாயைத் திறப்பதற்குள் எத்திராஜ் முந்திக்கொண்டான். “நாந்தான் போட்டேன். அம்மாவுக்கு இதுல ஒண்ணும் தெரியாது.”

இந்த முறை தாமதமே இல்லை. அவன் ஏன் சொன்னான் என்பதில் மர்மம் ஒன்றும் கிடையாது. “என் தப்பால” என்று அவள் சொன்ன சபதத்தை ஊரே அறியும். டிரைவர் தப்பு என்றால் சாவி அவளிடமே இருக்கும். கோவர்த்தனனும் அப்படியே எடுத்துக்கொண்டான். “அப்ப ஒம்மேல தப்பில்ல அண்ணி. இவன மொதல்ல நிறுத்து” என்று சொல்லிவிட்டு வேட்டிகளை அலசப் போனான்.

தாட்சாயணி பேசாமல் இருந்தாள். அன்றைக்கும் இருந்தாள், அதற்குப் பிறகு சில நாளும் இருந்தாள். எத்திராஜ் வீட்டுக்கு அரிசி அனுப்பினாள், கைக்குக் கட்டுப் போட ஏற்பாடு செய்தாள், கை கூடியதும் ஓட்டட்டும், அதுவரை வண்டி நிற்கட்டும் என்று கணக்குப் போட்டாள். தன் அடுப்பில் சமைத்துத் தானே தின்றாள். சோறு இறங்கியதா என்று எனக்குத் தெரியாது. அவளைக் கொண்டாடுகிறவர்கள் இந்தச் சில நாளைச் சொல்லாமல் தாண்டிவிடுகிறார்கள். தாண்டக் கூடாது என்பது என் கட்சி.

விபத்து விசாரணைக்குச் சித்தூருக்குக் கூப்பிட்டார்கள். வண்டி உடைமைக்காரி என்று தாட்சாயணியும், சரக்குக்காரன் என்று கோவர்த்தனனும், கையில் கட்டோடு எத்திராஜும் போனார்கள். மோட்டார் வண்டிகளைச் சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் சத்தம் போடுகிறவர் இல்லை. டயரைப் பற்றித் தெலுங்கில் கேட்டார். எத்திராஜ் நின்றபடி, தானே கொண்டுவந்து தானே மாட்டியதாகச் சொன்னான்.

“தெரிஞ்சு போட்டியா, தெரியாம போட்டியா?”

“தெரிஞ்சுதான் சார்.”

“அப்ப லைசென்ஸ் போச்சு. இனி எந்த வண்டியும் நீ தொடக் கூடாது.”

எத்திராஜ் தலையை ஆட்டினான். இடது கையால் சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்தான். வலது கை கட்டில் இருந்ததால் அது உடனே வரவில்லை. ஒரு மூலை பையில் மாட்டிக்கொண்டது, இழுத்தான். தாட்சாயணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவன் பொய் சொல்றான்” என்றாள். அந்த அறைக்கு அது பெரிய குரல். “டயரு எங்க அண்ணன் வூட்டுது. கொணாந்தது நானு. வாணாம்னு ரங்கையா சொன்னாரு, கேக்கல. சூடு ஏறுதுன்னு இவன் சொன்னான், தண்ணி ஊத்திட்டு ஓட்டுன்னது நானு. வெரசா போன்னு சொன்னதும் நாந்தான். எழுதிக்கோங்க சார்.”

இன்ஸ்பெக்டர் எத்திராஜைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் நன்றாகக் கோபித்துக்கொண்டு, இரண்டு பேரையும் கண்டித்து, லைசென்ஸை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் எத்திராஜ் அவளிடம் கோபப்பட்டான். அவன் கோபப்பட்டு அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. “நீங்க சும்மா இருந்திருந்தா வண்டி நம்மகிட்டயே இருந்திருக்கும். ஏம்மா சொன்னீங்க?”

“வண்டி இருந்திருக்கும். அத ஓட்டறதுக்கு நீ எங்கப்பா இருந்திருப்ப?”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பஸ்ஸில் கோவர்த்தனன் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்து அவன் மடியில் வைத்தாள். அவன் பதறிப்போய், “இப்ப இன்னா அவசரம் அண்ணி? வூட்ல பேசிக்கலாம்” என்றான். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். கார்வேட்டிநகரம் வரைக்கும் சாவி அவன் மடியிலேயே கிடந்தது. பிறகு எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

வண்டிக்குச் சரியான டயர் வாங்கிப் போடுவது, எத்திராஜையே ஓட்ட வைப்பது என்று அவன் வழியிலேயே ஒப்புக்கொண்டான். அதை மட்டும் அவள் கேட்டாள், வேறு ஒன்றும் கேட்கவில்லை.

வீடு வந்து சேர்ந்ததும் யாரும் கூப்பிடுவதற்கு முன்னால் அவளே தன் அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு போய்க் கோவர்த்தனன் வீட்டு அடுப்படியில் வைத்தாள். அவன் மனைவி கங்கம்மா நல்லவள். மணையைப் போட்டு, தட்டு வைத்து, சோறு போட்டுக் குழம்பை ஊற்றினாள். கோவர்த்தனன் எதிரில் உட்கார்ந்திருந்தான், தட்டில் கை வைக்கவில்லை.

தாட்சாயணி பிசைந்து ஒரு வாய் தின்றாள். நிறுத்தினாள்.

“இன்னா கங்கம்மா, கொழம்புல உப்பே காணோம்?”

“இதோக்கா” என்று உப்பு ஜாடியை எடுக்கத் திரும்பிய கங்கம்மா, ஜாடியைப் பிடித்தபடி அங்கேயே நின்று அழுதுவிட்டாள். தாட்சாயணி அழவில்லை. சோற்றில் கையை வைத்துக்கொண்டு, உப்பு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.